காற்றுக்கு மார்க் போடும் வாழைமரம்!

தருமபுரி பக்கம் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். நாலு மணி வாக்கில் மேற்கே ஒரு மூலை கறுக்கும். 'மழை வரும் போலிருக்கே' என்று டீக்கடை பெஞ்சில் யாராவது சொல்லி முடிப்பதற்குள் புழுதி கிளம்பும். ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று சாயும். எங்கேயோ ஒரு தகரம் 'டங்'கென்று விழும். கரண்ட் போகும். பத்தே நிமிஷம். அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி சமர்த்தாக ஒரு தூறல்!

மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி வரும். சூறாவளிக் காற்று, வாழைகள் நாசம், விவசாயிகள் வேதனை.

எத்தனை வாழை என்று இருக்கும். எத்தனை வீட்டுக் கூரை என்று இருக்கும். அந்தக் காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது மட்டும் இருக்காது. கிரிக்கெட்டில் ஒரு பந்து என்ன வேகத்தில் வந்தது என்று டி.வி.யில் அடுத்த விநாடியே சொல்லிவிடுகிறார்கள். ஒரு தோப்பையே படுக்கப் போட்ட காற்றுக்கு ஸ்பீடு கிடையாதா?

உண்டு. ஆனால் அதை யாரும் நேரடியாக அளப்பதில்லை. உலகத்திலேயே பயங்கரமான காற்றான டொர்னாடோவுக்கும் இதே கதைதான் என்று சொன்னால் நம்புவீர்களா? அந்தக் காற்று வந்து போன பிறகு, உடைந்ததையும் சாய்ந்ததையும் பார்த்துத்தான் மார்க் போடுகிறார்கள். அடி வாங்கியவனின் முகத்தைப் பார்த்து அடித்தவனின் பலத்தைச் சொல்கிற கணக்கு!

இந்தக் கணக்கு எப்படி வந்தது, அதில் நம்ம வாழைமரத்துக்கும் ஷீட் கூரைக்கும் என்ன இடம் என்று பார்க்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பம்

தமிழில் நாம் எல்லாக் காற்றையும் 'சூறாவளி' என்று சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

புயல் என்பது கடலில் பிறப்பது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம். நாள்கணக்கில் வாழும். பெயர் வைப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள்.

டொர்னாடோ என்பது இடிமேகத்திலிருந்து தரை வரைக்கும் யானைத் துதிக்கை மாதிரி தொங்கிச் சுழல்கிற காற்று. பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான். சில நிமிஷம்தான் ஆயுசு. ஆனால் அந்தச் சில நிமிஷத்தில் புயல் செய்யாததையும் செய்துவிடும்.

தருமபுரியில் கோடை சாயங்காலம் அடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லை. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே விழுந்து, தரையில் மோதி, நாலா பக்கமும் சிதறி ஓடுகிறது. குடத்துத் தண்ணீரைத் திண்ணையில் கொட்டினால் எப்படிச் சிதறும்? அப்படி! இதைச் சூறைக்காற்று என்று சொல்லலாம். இதற்குக்கூட வானிலைக்காரர்கள் இலக்கணம் வைத்திருக்கிறார்கள். காற்றின் வேகம் திடீரென்று விநாடிக்கு 8 மீட்டராவது கூடவேண்டும், 11 மீட்டரைத் தொடவேண்டும், ஒரு நிமிஷமாவது நீடிக்கவேண்டும். அதாவது மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொட்டாலே இந்தப் பட்டம் கிடைத்துவிடும்.

கிண்ணம் சுற்றினால் போதாதா?

காற்றை அளக்கக் கருவி இல்லாமல் இல்லை. கம்பத்தின் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருக்குமே, அதுதான். 1846-ல் அயர்லாந்தின் ராபின்சன் என்பவர் நாலு கிண்ணத்தோடு செய்தார். பிறகு ஒரு கிண்ணத்தைக் குறைத்துவிட்டார்கள். ஒரு நிமிஷத்தில் எத்தனை சுற்று என்று எண்ணினால் வேகம் வந்துவிடும்.

ஆனால் டொர்னாடோவிடம் இந்தப் பருப்பு வேகாது. காரணம் இரண்டு. ஒன்று, அது வருகிற பாதை ரொம்பக் குறுகல். கருவி இருக்கிற இடத்தைத் தேடி வந்து 'என்னை அளந்துகொள்' என்று அது நிற்காது. இரண்டாவது, அப்படியே தப்பித் தவறி வந்துவிட்டால் முதலில் பறப்பது அந்தக் கருவியாகத்தான் இருக்கும். பரீட்சை எழுத வந்த பையன் முதல் வேலையாக வாத்தியாரையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் யார் மார்க் போடுவது?

நம் ஊர்ச் சூறைக்காற்றும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேற்கே ஒரு கிராமத்தில் தோட்டம் முழுக்கச் சாய்ந்திருக்கும். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கருவியில் ஒரு சின்ன நடுக்கம்கூடப் பதிவாகி இருக்காது.

கருவி இல்லாமல் காற்றை எடை போடுகிற பழக்கம் பழசுதான். 1805-ல் பிரிட்டிஷ் கப்பற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட், பூஜ்யத்திலிருந்து 12 வரை ஒரு வரிசை வைத்தார். அவருக்குக் கருவி, கப்பலின் பாய்! எத்தனை பாயை விரிக்கலாம், எத்தனையைச் சுருட்டவேண்டும் என்பதுதான் அளவு. பிற்பாடு தரைக்கும் இதை மாற்றி எழுதினார்கள். புகை நேராக மேலே போனால் பூஜ்யம். இலை சலசலத்தால் 2. குடையைச் சமாளிக்கத் திணறினால் 6. எதிர்க்காற்றில் நடப்பதே கஷ்டம் என்றால் 7. மரத்தின் சிம்புகள் ஒடிந்தால் 8. ஓடு பறந்தால் 9. மரம் வேரோடு சாய்ந்தால் 10. மணிக்கு 118 கிலோமீட்டரைத் தாண்டினால் 12. அதற்கு மேல் அவர் அளவுகோலில் இடமில்லை. அதற்கு மேல் கப்பலும் இருக்காது என்று நினைத்தாரோ என்னமோ!

அணுகுண்டு சொல்லிக் கொடுத்த பாடம்

அந்தப் பன்னிரண்டுக்கு மேலே ஏணி போட்டவர் ஒரு ஜப்பான்காரர். பெயர் டெட்சுயா ஃபுஜிட்டா. 1920-ல் பிறந்தவர்.

1945 ஆகஸ்டில் அவருக்கு 24 வயது. ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷூவில் கொகுரா நகரத்துப் பக்கம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டு 9-ம் தேதி இரண்டாவது அணுகுண்டோடு கிளம்பிய அமெரிக்க விமானத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்த குறி, அந்தக் கொகுராதான். மேலே மேகமும் புகையும் மூடியிருந்ததால் ஊர் தெரியவில்லை. விமானம் திரும்பி நாகசாகிக்குப் போனது.

சில வாரம் கழித்து அந்த நாகசாகிக்கே, ஹிரோஷிமாவுக்கும்கூட, சேதத்தை ஆராயப் போனார் ஃபுஜிட்டா. மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, எது எந்தக் கோணத்தில் கருகியிருக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். குண்டு வெடித்தது எந்த இடத்துக்கு மேலே, எவ்வளவு உயரத்தில் என்று அந்தத் தடயங்களை வைத்தே கணக்குப் போட்டார். வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் மொட்டையாக நின்றுகொண்டே இருந்தன. சுற்றிலும் இருந்தவை மட்டும் நட்சத்திரக் கதிர் மாதிரி வெளிப்பக்கமாகப் படுத்திருந்தன. இந்தப் படம் அவர் மனசில் தங்கிவிட்டது.

1953-ல் அமெரிக்காவுக்குப் போனார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை. டொர்னாடோ அடித்த இடங்களுக்கு மேலே சின்ன விமானத்தில் பறந்து பறந்து படம் எடுத்தார். 1971-ல் தன் அளவுகோலை வெளியிட்டார். எஃப்-0, எஃப்-1 என்று எஃப்-5 வரை. உடைந்ததைப் பார், வேகத்தைச் சொல்! கிளை ஒடிந்தால் எஃப்-0. வீடு அஸ்திவாரத்தோடு துடைத்து எடுத்த மாதிரி காணாமல் போயிருந்தால் எஃப்-5. இந்த ஏணியின் கீழ்ப் படியைப் போஃபர்ட்டின் 12-ல் ஊன்றி, மேல் படியை ஒலியின் வேகத்தில் சாத்தி வைத்திருந்தார். காகிதத்தில் எஃப்-12 வரை இருந்தது. ஆனால் ஐந்துக்கு மேலே யாரும் ஏறவேண்டி வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. உலகமே 'மிஸ்டர் டொர்னாடோ' என்று கொண்டாடிய இந்த மனிதர் தன் கண்ணால் ஒரு டொர்னாடோவை முதன்முதலில் பார்த்தது 1982-ல்! அளவுகோல் போட்டுப் பதினோரு வருஷம் கழித்து. மாப்பிள்ளையைப் பார்க்காமலே ஜாதகம் கணித்த ஜோசியர் மாதிரி.

தோப்பைப் பார்த்தே சொல்லலாம்

அந்த நட்சத்திரப் படம் மறுபடி அவருக்கு உதவியது. 1975 ஜூனில் நியூயார்க்கில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று இறங்கும்போது தரையில் மோதியது. 113 பேர் இறந்தார்கள். மேகத்திலிருந்து கீழ்நோக்கி விழுந்த காற்று விமானத்தை அமுக்கிவிட்டது என்றார் ஃபுஜிட்டா. பல பேர் நம்பவில்லை. பிறகு ரேடார் வைத்து நிரூபித்தார். இன்றைக்கு விமான நிலையங்களில் இந்தக் காற்றுக்கென்றே எச்சரிக்கைக் கருவிகள் இருக்கின்றன.

இது நமக்கு எதற்கு என்றால், தருமபுரித் தோட்டங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த ஜாதிக் காற்றுதான். அடுத்த முறை ஒரு தோப்பு சாய்ந்திருப்பதைப் பார்த்தால் மேட்டிலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ ஒரு பார்வை பாருங்கள். எல்லா மரமும் ஒரே திசையில், அல்லது ஒரு புள்ளியிலிருந்து விசிறி மாதிரி விரிந்து படுத்திருந்தால், மேலிருந்து விழுந்த காற்று. ஒரு குறுகலான பாதையில் இந்தப் பக்கத்து மரமும் அந்தப் பக்கத்து மரமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு குறுக்கும் மறுக்குமாக விழுந்திருந்தால், சுழல்காற்று. காற்று போய்விட்டாலும் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் போகிறது!

வயலில் அடித்தால் மார்க் இல்லை

ஃபுஜிட்டா சொன்ன வேகங்கள் கொஞ்சம் அதிகம் என்று பிற்பாடு தெரிந்தது. நன்றாகக் கட்டாத வீட்டைத் தூக்க 400 கிலோமீட்டர் தேவையில்லை, அதைவிடக் குறைவே போதும். அதனால் 2007-ல் அமெரிக்கர்கள் இதைத் திருத்தி, இ.எஃப். அளவுகோல் என்று புதுசாக ஆரம்பித்தார்கள். இதில் 28 வகைச் சாட்சிகள். வீடு, பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க், மின்கம்பம், மரம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் எந்த அளவு உடைந்தால் எந்த வேகம் என்று அட்டவணை இருக்கிறது.

இ.எஃப்-0 என்றால் மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர். இ.எஃப்-1, 177 வரை. இ.எஃப்-2, 217 வரை. இ.எஃப்-3, 266 வரை. இ.எஃப்-4, 322 வரை. அதைத் தாண்டினால் இ.எஃப்-5. இது மூன்று விநாடி நேரம் வீசுகிற வேகம். இத்தனையும் கணித்த வேகமே தவிர, அளந்த வேகம் இல்லை.

ஆபீஸில் வருஷக் கடைசியில் அப்ரைசல் போடுவார்களே, அதே மாதிரிதான். ஒருவன் எவ்வளவு உழைத்தான் என்பது முக்கியமில்லை. மேனேஜர் கண்ணில் எது பட்டதோ அதுதான் ரேட்டிங்!

சந்தேகமிருந்தால் எல் ரீனோ கதையைக் கேளுங்கள். 2013 மே 31. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எல் ரீனோ என்கிற சின்ன ஊருக்கு வெளியே ஒரு டொர்னாடோ. அகலம் மட்டும் 4 கிலோமீட்டருக்கு மேல். வண்டியில் பொருத்திய ரேடாரோடு பல்கலைக்கழகத்துக்காரர்கள் பின்னாலேயே ஓடினார்கள். அவர்களுடைய ரேடாரில் காற்று மணிக்கு 470 கிலோமீட்டரைத் தாண்டியது. டொர்னாடோக்களைத் துரத்தித் துரத்தி ஆராய்ந்த டிம் சமாராஸ் என்ற புகழ்பெற்ற பொறியாளர், மகனோடும் இன்னொரு சகாவோடும் அதில் சிக்கி இறந்துபோனார்.

ஒரு கட்டத்தில் இதற்கு இ.எஃப்-5 கொடுத்தார்கள். ஏறக்குறைய மூன்று மாசம் கழித்து இ.எஃப்-3 என்று குறைத்துவிட்டார்கள். ஏன்? அது போன பாதையில் பெரும்பாலும் வெட்டவெளி, வயல். உடைவதற்கு அங்கே ஒன்றுமில்லை. சாட்சி இல்லையென்றால் கேஸ் நிற்காது!

இதற்கு நேர் எதிரான கேஸும் உண்டு. 2025 ஜூன் 20, வடக்கு டகோட்டாவில் எண்டர்லின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு டொர்னாடோ. அமெரிக்காவில் 12 வருஷமாக யாருக்கும் கிடைக்காத இ.எஃப்-5 பட்டம் சில மாசம் கழித்து இதற்குக் கிடைத்தது. சாட்சி சொன்னது, ஒரு சரக்கு ரயில். தண்டவாளத்தில் நின்ற வேகன்களைக் காற்று கவிழ்த்து, காலி டேங்க்கர் ஒன்றைத் தூக்கியும் எறிந்திருந்தது. அதன் எடை தெரியும், விழுந்த தூரம் தெரியும். அதை வைத்து வேகத்தைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். அந்த ரயில் அந்த நேரத்தில் அங்கே இல்லாவிட்டால்? அதே காற்றுக்கு மார்க் குறைந்திருக்கும்.

நம்ம ஊருக்கு எந்தப் பட்டியல்?

ஜப்பான்காரர்கள் 2016 முதல் தங்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் காசு போட்டால் கூல்டிரிங்க்ஸ் தரும் எந்திரம்கூட ஒரு சாட்சி. தெருவுக்குத் தெரு இருப்பது அதுதானே! கனடாக்காரர்களும் 2013-ல் தங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி பட்டியலை மாற்றிக்கொண்டார்கள்.

நமக்கு ஒன்று போட்டால் என்னென்ன வரும்? பந்தல் பறந்தால் பூஜ்யம். பிறந்தநாள் பேனர் கிழிந்தால் 1. அதே பேனர் கம்போடு ரோட்டில் விழுந்தால் 2. பஸ் ஸ்டாப் நிழற்குடை சாய்ந்தால் 3 (கட்டிய கான்ட்ராக்டரைப் பொறுத்து இது மாறும்!). ரோட்டோரத்துப் பழைய புளியமரம் வேரோடு வந்தால் 4...

சிரித்தாலும் இதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் மரம் என்றால் ஓக் மாதிரி, பைன் மாதிரி கெட்டி மரங்கள். வாழையோ மரமே இல்லை. மட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று சுருட்டி வைத்த தண்டு அது. வேர் ஆழம் போகாது. உச்சியில் இருபது கிலோ தார் தொங்கும்போது அதைச் சாய்க்க டொர்னாடோ எதற்கு? சாதாரணச் சூறைக்காற்றே போதும். இ.எஃப். ஏணியின் முதல் படிக்குக் கால் வைப்பதற்கு முன்னாலேயே நம்ம விவசாயியின் ஒரு வருஷ வரும்படி தரையில் கிடக்கும்.

வீட்டுக்கும் அப்படித்தான். 1989 ஏப்ரல் 26 அன்று பங்களாதேஷில் தௌலத்பூர், சட்டூரியா பகுதியில் அடித்த டொர்னாடோவில் இறந்தவர்கள் சுமார் 1,300 பேர். உலகத்தில் பதிவானவற்றிலேயே அதிகமான உயிர்ப்பலி இதுதான். சுமார் 80 ஆயிரம் பேர் வீடிழந்தார்கள். 2013 மே 20 அன்று ஓக்லஹோமாவில் மூர் என்ற ஊருக்குள் நேராகப் புகுந்த டொர்னாடோ இ.எஃப்-5. உச்சகட்ட ரேட்டிங். இறந்தவர்கள் 24 பேர். அங்கே முன்கூட்டி எச்சரிக்கை மணி அடித்தது, பல பேருக்கு ஒளிந்துகொள்ளக் கெட்டியான இடம் இருந்தது. சட்டூரியாவில் தகரமும் கீற்றும்தான் இருந்தன.

இந்தியாவிலும் டொர்னாடோ வராமல் இல்லை. 1978 மார்ச் 17 அன்று டெல்லியிலேயே வந்தது. பல்கலைக்கழகம் இருக்கும் வடக்கு டெல்லிப் பகுதியில் சில நிமிஷம்தான் சுற்றியது. பஸ்கள் கவிழ்ந்தன, 28 பேர் இறந்தார்கள். ஆக, மார்க் ஷீட்டில் இருக்கிற நம்பர் வேறு, சாகிற ஆள்களின் எண்ணிக்கை வேறு. நடுவில் நிற்கிறது கூரை.

வி.ஏ.ஓ. போடும் ரேட்டிங்

நம் ஊரில் காற்று அடித்து முடிந்ததும் உடைந்ததைப் பார்த்து மார்க் போட ஒருவர் வருகிறார். கிராம நிர்வாக அலுவலர்! கூடவே தோட்டக்கலைத் துறைக்காரர். ஃபுஜிட்டா விமானத்தில் செய்ததை இவர்கள் டூ வீலரில் வந்து செய்கிறார்கள்.

இவர்கள் அளவுகோலில் இரண்டு நம்பர்கள் முக்கியம். பேரிடர் நிவாரண விதிப்படி, பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இடுபொருள் நிவாரணம். 2015-க்கு முன்னால் இது 50 சதவீதமாக இருந்தது. குடிசை தவிர்த்த வீடுகளில் பாதிச் சேதம் என்று எழுதுவதற்கு 15 சதவீதமாவது சேதமாகியிருக்க வேண்டும். காற்று 60 கிலோமீட்டரா, 100 கிலோமீட்டரா என்று இந்தப் படிவம் கேட்பதில்லை. 32 சதவீதமா, 33-ஆ என்பதுதான் கேள்வி.

இன்னொரு பக்கம், வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று வேகம் இவற்றில் எது அறிவிக்கப்பட்டிருக்கிறதோ அது குறித்த அளவைத் தாண்டினால் பணம். பி.காம். படித்தவன் கண்ணுக்கு இது ரொம்ப சுத்தமான கணக்காகத் தெரியும். யாரும் தோட்டத்துக்கு வந்து எண்ணவேண்டாம், கருவி சொல்வதுதான் தீர்ப்பு. ஆனால் சூறைக்காற்று குறுகலானது என்று பார்த்தோமே... கருவி ஓரிடம், வாழை வேறிடம்! தோட்டம் படுத்துக் கிடக்கும், கருவியோ 'லேசான காற்று' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆகவே, கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். என் பயிருக்கு இந்த வருஷம் எந்தக் காப்பீடு? அதில் சேதத்தை அளப்பது ஆளா, கருவியா? ஊரில் அப்பாவுக்கு நிலம் இருந்து, டவுனில் நீங்கள் ஆபீஸ் போகிறவர் என்றால் இதைப் படித்துச் சொல்லவேண்டியது உங்கள் வேலை. காற்று அடித்த மறுநாள், எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன்னால், தோட்டத்தை நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுத்து வையுங்கள். ஃபுஜிட்டா செய்ததும் அதுதான்.

ரேட்டிங் குறைந்தது... அரூர் முழுகியது!

நம்பரை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர். நம் வானிலைத் துறையின் வரிசையில் 62 முதல் 88 கிலோமீட்டர் வரை இருந்தால் வெறும் 'புயல்'. அதற்கு மேலே தீவிரப் புயல், மிகத் தீவிரம், அதிதீவிரம், 222-ஐத் தாண்டினால் சூப்பர் புயல் என்று இன்னும் நாலு படி இருக்கிறது. அதாவது ஃபெஞ்சல் வாங்கியது பெயர் வைக்கிற அளவுக்கான பாஸ் மார்க்.

கரையைக் கடந்த பிறகு அதுவும் குறைந்தது. தாழ்வு மண்டலம் என்று டிமோஷன் ஆகி, மேற்கே நம் பக்கம் மெதுவாக நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. தருமபுரி மாவட்டம் அரூரில் 33 சென்டிமீட்டர். ஊத்தங்கரையில் ரோட்டோரம் நின்ற வண்டிகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதைப் படம் எடுத்து ஊரே பார்த்தது.

புயலின் ரேட்டிங் காற்றுக்குப் போட்டது. மழைக்கு இல்லை. 'புயல் வலுவிழந்தது' என்று டி.வி.யில் சொன்னதைக் கேட்டு நிம்மதியாகப் படுத்தவர்கள் வீட்டில்தான் விடியற்காலையில் தண்ணீர் புகுந்தது. கடலே இல்லாத மாவட்டம், நமக்கென்ன புயல் என்கிற தைரியமும் அதோடு போனது.

கூரைக்குப் போடுங்கள் மார்க்!

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நாலு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ அழுத்தும். 100 கிலோமீட்டர் என்றால் 47 கிலோ. பத்துக்குப் பத்து அடி ஷீட் கூரையில் இந்தப் பலம் முழுவதும் மேல்நோக்கி வேலை செய்தால் 400 கிலோவுக்கு மேல். நாம் அதன் மேல் வைத்திருப்பதோ நாலு கல், ஒரு பழைய டயர்! அந்தக் கல்லும் காற்றோடு கிளம்பினால் யார் தலையில் இறங்கும் என்பது அவரவர் ராசி.

கல்லுக்குப் பதிலாக, ஷீட்டைக் கீழே இருக்கிற பைப்போடு வளைந்த ஜே போல்ட் போட்டு முடுக்குவதுதான் வழி. பைப் சுவரோடும் பிடித்திருக்கவேண்டும். ஓரத்திலும் மூலையிலும்தான் காற்று முதலில் கை வைக்கும், அங்கே போல்ட் கூடுதலாக இருக்கட்டும். காற்று கிளம்பியதும் கதவு ஜன்னலைச் சாத்துங்கள். திறந்து வைத்தால் காற்று வந்த வழியே போய்விடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே போகிற காற்று இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் கூரை பக்கத்துத் தெருவில். பைக்கில் போகும்போது காற்று பிடித்தால் புளியமரத்தடியிலும் பேனர் அடியிலும் ஒதுங்காதீர்கள். தளம் போட்ட கட்டடம் தேடுங்கள்.

காற்றுக்கு ரேட்டிங் எப்போதும் மறுநாள்தான் வருகிறது. ஃபுஜிட்டாவே வந்தாலும் முந்தின நாள் சொல்லியிருக்க முடியாது. அதனால் காற்றுக்கு மார்க் போடும் வேலையை அறிஞர்களிடம் விட்டுவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறி உங்கள் கூரைக்கு மார்க் போடுங்கள்.

ஃபெயில் என்றால் ஒரு போல்ட்டின் விலை சில ரூபாய்தான். சித்திரை வருவதற்குள் முடுக்கிவிடுங்கள்!